"அவுக கூட யாரு இருக்கா?"

ஞாயிறு காலை சபைக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டினேன். எதிர் வீட்டு முத்துலட்சுமி அக்கா வாசல்படியில் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். "ஒரு மாதிரியா அடைக்குது புள்ள. எங்க வீட்டுக்காரரும் உசிலம்பட்டி போயிட்டாக. உங்க சாமிகிட்ட எனக்காக வேண்டிக்க."

"கண்டிப்பா ஜெபம் பண்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு, ஆராதனைக்கு நேரமாகிறதே என்று வேகமாக நடந்தேன்.

சபையில் ஜெப விண்ணப்பம் கேட்டபோது, எழுந்து அக்காவுக்காகச் சொன்னேன். எல்லோரும் கண்களை மூடினார்கள். பக்கத்திலிருந்த எஸ்தர் மட்டும், "இப்ப அவுக கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்று சொல்லும்போதே எழுந்துவிட்டேன். இருவரும் ஓடினோம். அக்கா அதே படியில், வியர்வையில் நனைந்து சரிந்து கிடந்தார். ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

கண் விழித்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வேண்டுனதுதான் புள்ள என்னையக் காப்பாத்துச்சு." அடுத்த ஞாயிறு சபையில், ஜெபம் கேட்கப்பட்டதைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். அக்காவைப் படியில் தனியாக விட்டுவந்தவள் நான்; எழுந்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது உடம்புக்கு முடியவில்லை என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். ஜெபத்தை அங்கிருந்தே செய்கிறேன், கண்ணை மூடாமல்.