கேட் வரைக்கும் பார்த்த கல்லூரிகள்

பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் பெருமாள்சாமி காலடிகளை எண்ண ஆரம்பித்துவிடுவார். கல்லூரி கேட் வரைக்கும் எத்தனை என்று தெரிந்தாக வேண்டும். இருநூறுக்குள் இருந்தால் நல்ல கல்லூரி. வழியில் ஒயின் ஷாப் இருந்துவிட்டால், எவ்வளவு பெரிய பெயர் என்றாலும் அது கல்லூரியே இல்லை.

கேட்டைத் தாண்டி உள்ளே போகமாட்டார். ஆபீஸில் இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்ற தயக்கம். வாட்ச்மேன் போதும் அவருக்கு. தண்ணீர் வருகிறதா, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுகிறார்கள், தெருவிளக்கு எரிகிறதா, எல்லாவற்றையும் கன்னடத்தில் பேசிப் பேசியே வாங்கிவிடுவார்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியில் அவர் கிரைண்டிங் மெஷின் ஆபரேட்டர். புதன்கிழமை வார லீவு. மகள் மமதா இரண்டாவது பி.யூ.சி.க்கு, அதாவது நம்மூர் பிளஸ் டூவுக்கு, வந்ததிலிருந்து புதன்கிழமைகள் இப்படித்தான் கழிந்தன. வியாழன் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே பின்சீட்டிலிருந்து ரவிக்குமார் ஆரம்பிப்பான்.

"என்ன சாமிண்ணா, நேத்து எந்த காலேஜ்ல அட்மிஷன்?"

"டேய், நீ காலேஜை சினிமால பாத்தவன். மூடு."

"படிக்கப் போறது பொண்ணா, நீயா? அதச் சொல்லு மொதல்ல."

பஸ் சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டை எடுப்பார். பக்கத்துக்கு ஒரு கல்லூரி. மதிப்பெண், பாடம் எதுவும் இருக்காது; அதெல்லாம் மமதாவின் வேலை. பக்கத்தின் அடியில் ஒரு நேரத்தை மட்டும் எழுதி வட்டமிட்டிருப்பார். கடைசி வகுப்பு முடிந்து அவள் நீலசந்திரா வீட்டுக்கு வந்து சேரும் நேரம். ஆறேகாலுக்கு வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து "யாரு, அப்பாவா?" என்று குரல் வரவேண்டும். அதைத் தாண்டும் கல்லூரிகளைக் குறுக்கே அடித்துவிடுவார்.

ஹெப்பாள் விவசாயக் கல்லூரி, ஆறு மணி. அதற்கு இரண்டு வட்டம்.

மே மாதம் மமதா இரண்டு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தாள். ஹெப்பாளுக்கானதில் அன்றே கையெழுத்துப் போட்டார். மற்றது ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய சிர்சிக்கு, வனவியல் படிக்க. அவள் ஆசைப்பட்டது அதைத்தான்.

"காடு படிக்கணுமாம் தம்பி. நம்ம கம்பெனியச் சுத்தி ஒரு மரம் இருக்கா? இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு காடு?"

அந்த விண்ணப்பத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்து நாள் டிபன் பாக்ஸோடு கொண்டுவந்து கொண்டுபோனார். நோட்டில் சிர்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். மேலே ஊர்ப் பெயர். அடியில் ஒன்றும் எழுதாத வட்டம்.

"கையெழுத்துப் போடலைன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லமாட்டா. அதான் கஷ்டம்."

கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு சிர்சிக்கே போய்விட்டார். திரும்பி வேலைக்கு வந்த அன்று சாயங்கால பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார்.

"கேட்ல வாட்ச்மேனே இல்ல தம்பி. எதிர்ல ஒரு டீக்கடை. நம்ம தர்மபுரிப் பக்கத்து அம்மா, அன்னம்மாள்னு பேரு. ரோடு வேலைக்கு வந்தவங்க அங்கயே தங்கிட்டாங்களாம். 'அனுப்புண்ணா, நான் இருக்கேன்ல'னு சொல்லுச்சு. பக்கத்துலயே எஸ்.டி.டி. பூத்து." பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "மழை பேஞ்சிருந்துச்சு. எங்க பாத்தாலும் பச்சை. அவளுக்குப் புடிச்சுடும்."

அதைச் சொன்ன குரலில் சந்தோஷம் பாதிதான் இருந்தது.

சில்க் போர்டு சிக்னலில் பஸ் நின்றது. என் பேனாவை வாங்கி, மடியில் வைத்திருந்த பையின் மேல் விண்ணப்பத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே 'உள்ளூர்ப் பொறுப்பாளர்' என்று ஒரு இடம். சட்டைப் பையிலிருந்து சிர்சி பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கம் குறித்துவந்ததைப் பார்த்து, அன்னம்மாளின் பெயரையும் கடை விலாசத்தையும் கன்னடத்தில் எழுதினார். அடுத்த கட்டம், 'மாணவிக்கு என்ன உறவு'. பேனா நின்றுவிட்டது.

சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்தது. மடிவாளா தாண்டும் வரைக்கும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பஸ் குலுங்கக் குலுங்க, 'அத்தை' என்று எழுதினார்.