நாலாவது மெழுகுதிரி

எனக்குப் பைத்தியம் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நின்றவன் நான்.

1991 நவம்பர் 2, சனிக்கிழமை. செத்தவர்களின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும் மரித்தோர் திருநாள். லண்டன் தோர்ண்டன் ஹீத் பேக்கரியிலிருந்து வேனில் பாண் ஏற்றிப்போய்க் கென்ட் கிராமக் கடைகளுக்குப் போடுவது அப்போது என் வேலை. எங்கள் ஆட்களின் கல்லறை ஒன்றுகூட இந்த நாட்டில் இல்லை. அதனால் வழியில் கண்ட ஒரு தேவாலயத்தடியில் வேனை நிறுத்தினேன். நாலு வீடு, பழைய ஆங்கிலேயத் தேவாலயம், சுற்றிவரப் பாசி பிடித்த கல்லறைகள். அவ்வளவுதான் ஊர்.

அப்பா, அம்மா, மாமி என்று மூன்று மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு நாலாவதை எடுத்தேன்.

அது செபமாலைமுத்துவுக்கு. என் மனைவி றோஸ்மலரின் தம்பி. மன்னாரில் காணாமற்போய்ப் பதினாறு மாதம். "உயிரோட இருக்கிறவனுக்குத் திரி கொளுத்தக் கூடாது. அவன் வருவான்," என்று அன்று காலையிலும் அவள் சொல்லித்தான் அனுப்பினாள். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. அவள் தினமும் தபால்காரனுக்காக வாசலில் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. செத்தவனுக்கு ஒரு செபமாவது சொல்லுவோம் என்று நினைத்தேன்.

பின்னேரம் 3.55. கொளுத்தினேன். அணைந்தது.

காற்று இல்லை. மற்ற மூன்றும் அசையாமல் எரிந்தன.

4.01. மறுபடி கொளுத்தினேன். "ஃபூ..." யாரோ ஊதும் சத்தம். அணைந்தது.

4.06. மூன்றாம் முறை. "ஃபூ..." இந்தத் தடவை என் காதோரம். காய்ச்சல்காரனின் மூச்சுப்போலச் சூடு.

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். கோட்டால் மறைத்துக்கொண்டு கொளுத்தினேன்.

4.10. பற்றியது.

பின்னால் ஒரு குரல்...

"அத்தான்... வேண்டாம்."

திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஓடினேன்.

தை மாதம் பீற்றரின் கடிதம் வந்தது. முத்துவோடு காட்டுக்குள் ஒளிந்திருந்தவன், அகதி முகாமிலிருந்து எழுதியிருந்தான். முத்து அதுவரை உயிரோடுதான் இருந்திருக்கிறான். கடைசியில் காய்ச்சல். நவம்பர் 2 இரவு மூன்று தடவை மூச்சு நின்று, மூன்று தடவையும் திரும்பி வந்ததாம். ஒவ்வொரு தடவையும் கண் விழித்து, "கொளுத்த வேண்டாம் எண்டு அத்தானிட்டச் சொல்லுங்கோ," என்றானாம். நாலாம் தடவை மூச்சு திரும்பவில்லை.

இரவு 9.40.

இங்கே அப்போது 4.10.

"எதைக் கொளுத்த வேண்டாம் எண்டவன்?" என்று றோஸ்மலர் அழுகையோடு கேட்டாள்.

காய்ச்சலில் ஏதோ பிதற்றியிருப்பான் என்றேன். இன்றுவரை அவளுக்கு அதுதான் பதில்.