மழையில் அறிவித்த தேர்தல்

என் தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் பிரிட்டிஷ் அரசியலைத் திருத்தி எழுதாமல் வைக்கமாட்டான். வட இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். "சாப்டியாக்கா?" என்பான், நான் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிடுவான். "அந்த எலெக்‌ஷன மட்டும் முன்கூட்டியே வைக்காம வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா?" ஆந்திராவின் புத்தூரில் குழம்பு தாளித்துக்கொண்டிருப்பவளுக்கு அது தெரிந்து என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் கேட்டுக்கொள்வேன்.

"வெலவாசி எறங்கிக்கினு இருந்திச்சி. கொஞ்ச நாள் பொறுத்திருந்தா ஆண்ட கட்சி இவ்ளோ மோசமா தோத்திருக்காது" என்பான். அடுத்த வாரம் தலைகீழாகப் பேசுவான். வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்கிற கட்சிக்கு ஆள் சேர்க்க நேரம் கிடைத்து, அது இன்னும் நிறைய இடம் பிடித்திருக்குமாம். பழைய அரசாங்கம் போட்ட திட்டப்படி அகதிகளை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு விமானமும் கிளம்பியிருக்குமாம். இன்னொரு வாரம், இப்போதிருக்கிற அரசாங்கத்துக்கு இத்தனை சீக்கிரம் கெட்ட பேர் வந்திருக்காது என்பான். அவசரப்பட்டுச் சபையைக் கலைத்துவிட்டு ஆட்சியைப் பறிகொடுத்த கதை எங்கள் ஆந்திராவுக்கும் தெரியும். அதையும் எவ்வளவு காலத்துக்குத்தான் பேசுவது?

அந்தத் தேர்தலை அறிவித்தபோது எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், திருப்பதியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வார்டு டிவியில் அந்த நாட்டுப் பிரதமர் தன் வீட்டு வாசலில் மழையில் நின்று, கோட்டு நனைய நனைய, தேர்தல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அய்யோ பாவம், கொடை புடிக்க ஒரு ஆளு இல்லியா?" என்றார் நைனா.

தம்பி ஊருக்கு வர டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். ஓட்டுப் போடும் நாள் அந்த வாரத்திலேயே வந்ததும் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டான். அவன் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, ஓட்டுப் போட அவன்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். நம் நாட்டுக்காரர்களுக்கும் அங்கே ஓட்டு உண்டு. "எனக்கும் ஓட்டு வந்துடுச்சிக்கா" என்று சொன்னபோது அவன் குரலில் அவ்வளவு பெருமை. டாக்டரும் இப்போதைக்குப் பயமில்லை என்றுதான் சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் தள்ளிப் போனதை நைனா நம்பவே இல்லை. "எலெக்‌ஷன்னா லீவு வுடுவாங்க இல்ல? ஜனம் ஊருக்கு வந்துதானே ஓட்டுப் போடும்? அன்னைக்கே வந்துடுவான் பாரு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் மாநிலத்தில் தேர்தல் முடிந்து அவர் விரலில் மை கூடப் போகவில்லை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜனம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஊருக்கு வந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அங்கே அது மற்ற நாட்களைப் போல வேலை நாள்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அங்கே ஓட்டுப் போட்ட நாளில், இங்கே சாயங்காலம், நைனாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "அவன் மூஞ்சியக் காட்டும்மா" என்றார். வீடியோ கால் போட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் போட்டேன். என் வீட்டுக்காரர் தன் போனில் போட்டுப் பார்த்தார். அதே கதைதான். நைனா என் கையிலிருந்த இருண்ட போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் ஏறியிருப்பான். வழியில சிக்னல் இருக்காது" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

தம்பி வந்து காரியம் செய்தான், திரும்பிப் போனான். ஏன் போனை அணைத்து வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் வாய் சும்மா இருக்காது, அவனைக் கொன்றுவிடும் என்று பயம். அவனும் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கும் என் போன் இருண்டு கிடந்தால், அதற்குள்ளிருந்து நைனா பார்க்கிற மாதிரியே இருக்கிறது. பயந்துபோய்க் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடியும் ஆரம்பித்தான். "நவம்பர்ல வச்சிருந்தாங்கன்னு வச்சிக்கக்கா…"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "நிறுத்துடா! அந்த நாட்ட எவன் ஆண்டா எனக்கு இன்னா? அன்னைக்கு ஏண்டா போன ஆஃப் பண்ணி வச்சிக்கினு இருந்த?"

நவம்பர் பேச்சு அதோடு நின்றது.

"பூத்துக்குள்ள போன் எடுத்துக்கினு போவக் கூடாது இல்லக்கா" என்றான். "நம்ம நகரியில போலீஸ்காரன் வாசல்லயே தொரத்துவான் இல்ல? அந்த ஞாபகத்துல கெளம்பும்போதே ஆஃப் பண்ணிட்டேன்."

"அங்கயும் அப்படித்தானா?"

"இல்லக்கா. வாசல்ல ஒரு போலீஸ் கூட இல்ல. வரிசையில நின்னவங்க போன் பேசிக்கினு இருந்தாங்க. என்னை யாருமே ஆஃப் பண்ணச் சொல்லல. நானா பண்ணேன். ஓட்டுப் போட்டதும் அந்தம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, மெதுவா தள்ளிக்கினு ஹோமுக்கு வந்து, அப்பறந்தான் ஆன் பண்ணேன்."

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த நாட்டையே புரட்டிப் போட்டுப் பேசியவன், இதை மட்டும் கேட்டதே இல்லை.

"நைனா என்னைக் கேட்டாராக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது.

"கேட்டார்டா" என்றேன்.