கருவாட்டுச் சோற்றில் கலந்த பூனை மூலிகை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பரவை மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறேன். நாலு பேர் கூடினால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான் ஒரு பூனையைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லாபுரத்தில் நானும் அக்காவும் இருக்கிறோம். மச்சான் இறந்த பிறகு என்னோடு வந்துவிட்டவள், யாரிடமும் பேசுவதை விட்டிருந்தாள். ஒருநாள் மாடிப்படிக்கு அடியில் சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து ஒண்டியது. அதனிடம் பேச ஆரம்பித்தாள். பால் விலை ஏறியது, தெருச் சண்டை, மச்சானுக்குப் பிடித்த குழம்பு எல்லாவற்றையும் அதற்குத்தான் சொல்வாள். நான் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொள்வேன். பூனை போய்விட்டால் அந்தக் குரலும் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

சென்னையில் இருக்கும் அக்கா மகன், கேட்னிப் என்ற காய்ந்த இலைத்தூளை ஒரு பாக்கெட் வாங்கி அனுப்பினான். "மூலிகைம்மா, பூனைக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று போனில் சொன்னதோடு சரி. பாக்கெட்டில் எல்லாமே இங்கிலீஷ். எங்கள் வீட்டில் தூதுவளையானாலும் ஆடாதோடையானாலும், மூலிகை என்றால் வயிற்றுக்குள் போக வேண்டும். அதுவும் வெறும் வயிற்றில். அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாகக் கருவாட்டுச் சோற்றில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிப் பிசைந்து வைத்தாள்.

பூனை தட்டை வழித்து நக்கியது. பிறகு தரையில் உருண்டு புரண்டது. அக்கா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அது வாந்தி எடுத்தது. மறுபடியும் எடுத்தது. கால்களை நீட்டிப் படுத்துவிட்டது. கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது.

"ஏ ஆத்தி, என் கையாலயே கொன்னுபுட்டேனேடா தம்பி!"

காய்கறிக் கூடையில் துண்டை விரித்துப் பூனையைப் படுக்க வைத்து, பசுமலையில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் ஆட்டோவில் புறப்பட்டோம்.

"என்னண்ணே, கூடைக்குள்ள கோழியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பூனை" என்றேன்.

"பூனைக்கு ஆட்டோவா! எங்க வீட்டுக்காரியே பஸ்ஸுலதாண்ணே போறா."

"வாயடிக்காம ரோட்டப் பாத்து ஓட்டுப்பா" என்றாள் அக்கா. அவள் வெளியாளிடம் பேசி எவ்வளவு காலமாயிற்று! அவர் அதன் பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் மெதுவாக ஏற்றி இறக்கினார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பூனையின் வயிற்றை அமுக்கி, ஈறைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு பாக்கெட்டை முகர்ந்தார்.

"எம்புட்டும்மா போட்டீங்க?"

"பாதி. செத்துராதுல்ல?"

"சாகாதும்மா. இது விஷமில்ல. மோந்து பாத்து வெளையாடுறதுக்கு உள்ளது, நீங்க விருந்தே வச்சிட்டீங்க. ஒரு சிட்டிகை எடுத்து பழைய துணியில தேச்சுப் போடுங்க, போதும். கொஞ்ச நேரம் ஆடிட்டு அதுவே அடங்கிரும். துணிய எடுத்து மூடி வச்சிருங்க. தெனமும் வேணாம், வாரத்துக்கு ஒருக்கா குடுங்க."

"குப்பைமேனி வேரப் பாத்தாலும் இப்படித்தான் உருளுது. அதப் புடுங்கிப் போடலாமா?"

"ரோட்டோரத்துல புடுங்காதீங்க, களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க. இந்த எலயோட தைலம்னு வித்தாலும் வாங்காதீங்க. இப்ப தண்ணி மட்டும் வைங்க. சாயங்காலத்துக்குள்ள எந்திரிச்சிரும். திரும்ப வாந்தி எடுத்தா உடனே தூக்கிட்டு வாங்க."

வெளியே அதே ஆட்டோ நின்றிருந்தது. "என்னாச்சுக்கா?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், வில்லாபுரம் வரும்வரை அக்கா முழுக் கதையையும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பூனையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன்.

வெயில் தாழ்ந்தபோது பூனை எழுந்தது. முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடந்து போனது. நான் கூடையிலிருந்த துண்டை உதறிக் காயப்போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். அடுத்த அறையில் அக்காவின் குரல் கேட்டது. "கண்டதையும் வச்சா வேணாம்னு சொல்ல மாட்டியா? ஒனக்கு அறிவு எங்க போச்சு?" நெடுநேரம் திட்டினாள். கேட்கக் கேட்க எனக்குக் கண் செருகியது.

மறுநாள் திங்கட்கிழமை. பூனை கருவாட்டுச் சோறு தின்றது. நான் மண்டிக்குப் போனேன்.