தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு டம்ளர் பால்

தீவிர சிகிச்சைப் படிப்பில் சேர்ந்த புதிதில், மானிட்டர் கூவுவதற்கு முன்பே என் நெஞ்சு கூவிவிடும். கே.கே. நகரில் நான் தங்கியிருந்த அறையில் குக்கர் விசிலடித்தால்கூட பதறி எழுந்து நிற்பேன். தைரியசாலி என்று நினைத்து இந்தப் படிப்பை எடுத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மருந்தும் மெஷினும் எப்படியோ பிடிபட்டுவிட்டன. நோயாளியின் குடும்பத்தாரிடம் பேசுவதுதான் வரவில்லை. 'உண்மையை ஒளிக்காதே, நம்பிக்கையையும் கெடுக்காதே' என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மேலூரிலிருந்து ஒரு கல்குவாரித் தொழிலாளி நிமோனியாவோடு வந்திருந்தார். முகத்தில் இறுக்கிய மாஸ்க் வழியாக மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அது போதாவிட்டால் தொண்டையில் குழாய். போட்ட குழாயைத் திரும்ப எடுக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம். வெளியே போய் அவர் மனைவியிடம், "நெலமை மோசமாத்தான்க்கா இருக்கு. பாக்க வேண்டியவங்க வந்து பாத்துக்கிறட்டும்" என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிம்மதி வேறு.

மதியத்துக்குள் பாதி மேலூர் வராந்தாவில் நின்றது. பார்வை நேரத்தில் ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். மனைவி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். அடுத்த கட்டிலில் ஊசி போட்டுவிட்டுத் திரும்பினால், ஒரு கையால் கணவரின் மாஸ்கைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். மறுகையில் டம்ளர் நிறையப் பால்.

சாகக் கிடப்பவர்களுக்குக் கடைசியாகப் பால் ஊற்றுவது எங்கள் ஊரிலும் உண்டு, நானே ஊற்றியிருக்கிறேன். ஆனால் அவருக்கு இருந்த மூச்சிரைப்பில் ஒரு வாய் பால் போனாலும் நேரே நுரையீரலுக்குத்தான் போகும்.

ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, மாஸ்கைத் திரும்பப் பொருத்தினேன். "என்னக்கா பண்றீங்க?"

"நீங்கதான டாக்டரம்மா எல்லாரையும் வரச் சொன்னீங்க? வெறும் வாயோடயா அனுப்பச் சொல்றீங்க?"

படித்த வாக்கியம் எதுவும் உதவிக்கு வரவில்லை. பயத்தில் கத்தியேவிட்டேன். "அவரு இன்னும் போகலக்கா! மூச்சோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு. நான் விடல, நீங்களும் விட்டுறாதீங்க!"

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகைதான் வந்தது. ஏதோ வேகத்தில் சொல்லிவிட்டேனே, இந்த மனிதர் போய்விட்டால் அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? அவருடைய ஆக்சிஜன் அளவு கொஞ்சம் இறங்கினாலும் கட்டிலுக்கு ஓடுவேன். சாப்பாட்டுக்குப் போனால்கூட பாதியில் எழுந்து வந்து பார்ப்பேன்.

குழாய் போடாமலே அவர் மெல்ல மெல்லத் தேறினார். மாஸ்கைக் கழற்றிய பிறகு ஒரு காலையில், ஸ்பூனில் கொடுத்த தண்ணீரை இருமாமல் விழுங்கினார். சந்தோஷம் தாங்காமல் அவர் மனைவியைக் கூப்பிட்டேன். "இனி வாய்வழியா கொஞ்சங் கொஞ்சமா குடுக்கலாம்க்கா. பால் வாங்கிட்டு வாங்க."

அவர் என்னை முறைத்தார்.

"பால் மட்டும் வேணாம் டாக்டரம்மா. கஞ்சி வச்சுக் கொண்டாரேன்."