எனக்கு மட்டும் முகமூடி

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மொன்றியலின் வடக்குப் பக்கம், அஹுன்ட்சிக்கில் குடியிருந்தோம். நான் விமான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். ஆபீஸ் முழுக்க இங்கிலீஷில் ஓடிவிடும். கடைத்தெருவுக்கு வந்தால் ஊமை. அதனால் சாயங்காலங்களில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஃபிரெஞ்சு படிக்கப் போனேன். வகுப்பில் ஒரு கிரேக்கச் சமையல்காரர், ஒரு போர்ச்சுகீசியப் பெண், ஒரு இத்தாலியக் கொத்தனார். டீச்சர் அந்தப் பேட்டைக்காரர், கறாரான பெண்மணி.

அந்தக் கோடையில் ஆற்றோரப் பூங்காவில் ஒரு பழங்காலச் சந்தை நடக்கப்போவதாக டீச்சர் சொன்னார். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஃபிரான்ஸ் ஊர் மாதிரி கூடாரங்கள் போட்டு, அந்தக் கால உடுப்பில் ஆட்கள் நடமாட வேண்டும். எங்கள் வகுப்புக்கும் வேடம் உண்டு. சமையல்காரர் படைவீரர். போர்ச்சுகீசியப் பெண் ரொட்டிக்காரி. கொத்தனாருக்குப் பாதிரியார் அங்கி. என் கையில் ஒரு கறுப்புத் துணியைக் கொடுத்தார். விரித்தால் ஒரு முகமூடி. கண்ணுக்கு மட்டும் ஓட்டை.

"நீங்கள் தலைவெட்டுகிறவர், மிஸ்யூ. பேச வேண்டியதில்லை. கோடாலியோடு நின்றால் போதும்."

வீட்டில் அதைப் போட்டுக் காட்டினேன். அதோடு கொடுத்த கறுப்புக் கையுறையும் சேர்த்து. என் மனைவி சிரிக்கவில்லை.

"மத்தவங்க எல்லாருக்கும் மூஞ்சி தெரியுதுல்ல? உங்களுக்கு மட்டும் ஏன் மூடி வெச்சாங்க அந்தம்மா?"

"வேஷம் அப்படி."

"அந்தக் காலத்து ஃபிரான்ஸ்ல நம்ம நிறத்துல ஒரு ஆள் திரிஞ்சா நல்லா இருக்காதுன்னுதான். இதுகூடவா புரியல?"

எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. அவள் சொன்னதும் கெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு டீச்சர் செய்த எல்லாவற்றுக்கும் வேறொரு அர்த்தம் தெரிந்தது. வகுப்புப் போட்டோவில் என்னை ஓரத்தில் நிறுத்தியது. மற்றவர்களை அதட்டித் திருத்துகிறவர், என்னிடம் மட்டும் புன்னகையோடு விட்டுவிடுவது.

சந்தையன்று நல்ல வெயில். முகமூடிக்குள் வேர்த்து ஊற்றியது. ஆனால் ஒன்று நடந்தது. ஜனங்கள் என்னிடம் சரளமாகப் பேசினார்கள். பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்ததும் இங்கிலீஷுக்குத் தாவுகிறவர்கள், இங்கே தங்கள் ஊர்க்காரனிடம் பேசுவது போல மூச்சுவிடாமல் பேசினார்கள். ஒரு கிழவர், "என் மாமியார் வருகிறாள், கோடாலியைத் தீட்டி வை" என்றார். நான் தலையாட்டினேன். இந்தத் துணிக்குத்தான் இவ்வளவு மரியாதை என்று கசந்தது.

டீச்சர் அடிக்கடி வந்து, என் கழுத்துப் பக்கம் துணியைக் கீழே இழுத்துவிட்டுப் போனார். கழுத்துகூடத் தெரியக் கூடாதா?

கூட்டம் கலைந்ததும் முகமூடியைக் கழற்றிக்கொண்டு அவரிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபிரெஞ்சில் கேட்டுவிட்டேன். "எனக்கு மட்டும் ஏன் இது?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "நான் பேசினால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது என்று முதல் வகுப்பில் சொன்னீர்களே? யாரும் பார்க்காத வேடமாகக் கொடுத்தேன்."

நான் சொன்னதுதான்.

"கழுத்தை மூடினீர்களே?"

"உள்ளே உங்கள் ஆபீஸ் சட்டைக் காலர் தெரிந்தது, மிஸ்யூ."

வீட்டில் இதைச் சொன்னேன். "பதில் சொல்லத் தெரியாமலா டீச்சரா இருக்காங்க?" என்றாள் மனைவி.

மறுவருஷம் வேடம் பிரிக்கும்போது நானே முந்திக்கொண்டு, ஊருக்குச் சேதி சொல்கிற மணிக்காரன் வேடம் வேண்டும் என்றேன். தொப்பி, சிவப்புக் கோட்டு, திறந்த முகம், உரத்த குரல். டீச்சர் உடனே சரி என்று சொல்லவில்லை. பென்சிலை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கள் உச்சரிப்பு இன்னும் சரியாகவில்லை. பழக வேண்டும்" என்றார். அந்த வசந்த காலம் முழுக்க என்னை வறுத்தெடுத்தார். இப்போது எனக்கும் அதட்டல் கிடைத்தது.

சந்தையில் மணியடித்து வாயைத் திறந்தேன். குரல் பிசிறியது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். விடாமல், ஒற்றைக் காதுப் பன்றி ஒன்று காணாமல் போனதாகக் கத்தினேன்.

"அது என் வீட்டில்தான் இருக்கிறது, நான் கட்டிக்கொண்டேன்!" என்று ஒரு பெண் தன் கணவரைக் காட்டினாள்.

"அப்படியானால் காதைப் பார்க்க வேண்டும், மதாம்" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கணவர் தொப்பியைக் கழற்றி இரண்டு காதையும் காட்டினார். ஃபிரெஞ்சில் நான் சொன்ன முதல் வேடிக்கை அது. அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ரொட்டிக் கூடாரத்தின் பக்கத்தில் டீச்சர் நின்றிருந்தார். என் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் உதடுகளும் அசைந்தன.

"பாத்தீங்களா? எங்க தப்பு பண்ணுவீங்கன்னு காத்துட்டு இருந்தாங்க" என்றாள் மனைவி, திரும்பி வரும் வழியில்.

எனக்கு அது அப்படிப் படவில்லை. ஆனால் அந்தப் பென்சில் உருண்ட நேரத்தை நினைத்தேன். மறுத்துச் சொல்கிற அளவுக்கு எனக்கு நிச்சயமில்லை. லொங்கேய் என்ற பக்கத்து ஊருக்கு வீடு மாறும்வரை ஒவ்வொரு கோடையிலும் அந்த மணியை நான்தான் அடித்தேன். அந்தப் பென்சிலைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.