முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் காரணம் இல்லாமல் கர்த்தருக்கு நன்றி சொல்ல முடியாது. பிள்ளை பாஸானால், விசா வந்தால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கொண்டுபோக வேண்டும். தேங்காயோ கோழியோ வாழைக்குலையோ, வீட்டில் உள்ளது எதுவானாலும் சரி. எந்தக் குடும்பம், எதற்காக என்று சபைச் செயலர் மைக்கில் வாசிப்பார். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நன்மை முதலில், நன்றி பிறகு. அதுதான் முறை. நான் அந்த முறையை மாற்றிப் பார்த்தேன்.

என் கணவருக்கு ஈரலில் நோய். குழித்துறையில் பெயின்ட் கடை வைத்திருந்தார். வாயைத் திறந்தால் கேலிதான் வரும். நோய் வந்த பிறகும் அது மட்டும் குறையவில்லை. திருவனந்தபுரத்தில் மாதக்கணக்காக மருந்து ஏற்றினார்கள். மருந்து கேட்டிருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கடைசியாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். திங்கட்கிழமை வந்தால் முடிவு சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டத்தை நடத்திய அக்கா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், கிடைச்ச பொறவு நன்றி செல்லுகதுக்கு விசுவாசம் என்னத்துக்கு? கிடைக்கதுக்கு முன்ன செல்லணும்."

நான் கணக்கு டீச்சர். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு மார்க் போடாதவள். ஆனால் அன்று அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை.

அடுக்களைக்குப் பின்னால் அவர் நட்ட ஏத்தன் வாழையில் குலை நன்றாக விளைந்து நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் போய், நாளைக்கு ஆலயத்துக்குக் கொண்டுபோகக் குலையை வெட்ட வேண்டும் என்றேன்.

"என்னத்துக்கு?"

"உங்களுக்கு சுகம் கிடைச்சதுக்கு."

"கிடைச்சாச்சா?"

"கிடைக்கும்."

"கடையில அட்வான்ஸ் வாங்கிட்டு சரக்கு குடுக்கல்லேண்ணா ஆளு சண்டைக்கு வந்துருவான். ஆண்டவருக்கும் அந்தப் பயம் இருக்கும்ணு நெனைக்கியாக்கும். செரி, வெட்டுகத்தியை எடு."

குலை கீழே விழாமல் நான் தாங்கிக்கொண்டேன். அவர் வெட்டினார். கை மெலிந்துபோயிருந்ததால் நாலைந்து வெட்டு வேண்டியிருந்தது. வெட்டி முடித்த பிறகும் அவர் உள்ளே வரவில்லை. வாழையின் அடியில் உட்கார்ந்து, சுற்றி முளைத்திருந்த கன்றுகளைத் தோண்டி எடுக்கத் தொடங்கினார். வேர்த்து ஒழுகியது. உள்ளே வந்து படுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. ஒரே ஒரு கன்றை மட்டும் விட்டு, அதற்கு மண் அணைத்தார்.

"எல்லாத்தையும் விட்டா ஒண்ணும் உருப்படாது. இது ஒண்ணு போதும். அடுத்த வருஷம் இதுல நல்ல குலை வரும், கேட்டியா."

ஞாயிற்றுக்கிழமை செயலர் எங்கள் குடும்பப் பெயரை வாசித்து, "சுகம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்றதும் ஆலயமே திரும்பிப் பார்த்தது. ஆண்கள் பக்கத்தில் அவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஏலத்தில் எங்கள் குலையைத் தூக்கி வைத்தபோது எல்லோருக்கும் முன்னால் அவரே கேட்டார். விடுவார்களா? "சுகமான ஆளு, கூடக் குடுக்கட்டு" என்று கூட்டாளிகள் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டார்கள். ஏலம் விடுகிறவர் ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லி மூன்றாவதுக்கு வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு குரல் வரும், அதற்கு மேல் இவர் குரல் வரும். முற்றம் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் குலை அவருக்கே கிடைத்தது. ஆட்டோவில் அதை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். கல்யாணமான நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை டாக்டர் இனி மருந்தில்லை என்றார். சொல்லிவிட்டு மலையாளத்தில், "நான் சனிக்கிழமை காலையிலேயே இவரிடம் போனில் சொன்னேனே" என்றார். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "தெரிஞ்சிட்டா குலையை வெட்டினீங்க? தெரிஞ்சிட்டா ஊருக்கு முன்னால ஏலம் கேட்டீங்க? என்னைத் தடுத்திருக்கப்பிடாதா?"

பாறசாலை தாண்டின பிறகுதான் சொன்னார்.

"சனிக்கிழமை முழுக்க ஜெபம் பண்ணிப் பாத்தேன் ஏட்டி. எனக்கு வரல்ல. அப்பதான் நீ வந்து குலையை வெட்டச் சொன்ன. நான் நம்பாட்டியும் உனக்க நம்பிக்கையில ஒரு ஓரமா இருந்துக்கலாம்ணு நெனச்சேன். ஒரு நாளு நல்லா இருந்துது, கேட்டியா."

குழித்துறை ஸ்டேஷனில் இறங்கும்போது அவர் கையைப் பிடித்தவள் வீட்டு வாசல் வரைக்கும் விடவில்லை. அடுத்த மழைக்கு அவர் இல்லை.

அடக்கத்துக்கு வந்த அந்த அக்கா "கர்த்தருடைய சித்தம்" என்றாள். அதற்குப் பிறகும் ஆலயத்துக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஜெபம்தான் வருவதில்லை. மற்றவர்கள் எழுந்தால் நானும் எழுகிறேன். அவர்கள் பாடுகிறார்கள், நான் ஒரு ஓரமாக நின்றுகொள்கிறேன்.

அவர் விட்டுவைத்த கன்று இந்த வருஷம் குலை போட்டது. அவர் சொன்னது போலவே நல்ல குலை. முடிவு தெரிந்த அன்றைக்கே அடுத்த வருஷத்துக்கு மண் அணைத்த மனுஷன், தனக்கு நம்பிக்கை வரவில்லை என்றல்லவா சொன்னார்? அதை நினைத்தால் இப்போதும் அவரோடு சண்டை போடத் தோன்றுகிறது.

குலையை ஆலயத்துக்குக் கொண்டுபோனேன். செயலர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எதுக்குண்ணு வாசிக்கட்டும் டீச்சர்?"

"அவரு விட்ட கன்று. நல்லா வந்திருக்கு. அதுக்குதான்."

அதையே வாசித்தார். இந்தத் தடவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏலத்தில் நான் கேட்டேன். எனக்கு மேலே யாரும் கேட்கவில்லை. மரியாதைக்காகத்தான், எனக்குப் புரிந்தது. ஏலம் விடுகிறவர் "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். பிறகு அவரும் பேசாமல் நின்றார். யாராவது கேளுங்களேன், என்னைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். போன வருஷம் இந்த இடத்தில்தான் என் கணவர் குரல் வந்தது.

"மூணு தரம்" என்றார் பையப் பைய.

குலையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்கள். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன். அழுகைக்கு நடுவில் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. எதற்கென்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.